டில்லியைக் கடிதங்களில் காத்த மிர்ஸா காலிப்

உர்து இலக்கியத்தைப் பற்றிப் பேச்செழும்போது முதலில் நினைவுக்கு வரும் பெயர் மிர்ஸா காலிப். கஸல் பாடிய கவிஞராகவே பெரும்பாலானோர் அவரை அறிவர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த மொகலாயப் பேரரசு முடிந்துபோனதை, அதன் தலைநகரில் இருந்தபடியே கண்ணால் கண்டவரும் அவரே. அந்த நாட்களில் டில்லிக்கு நேர்ந்ததைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதி, அவர் தம் நண்பர்களுக்கு எழுதிய சாதாரணக் கடிதங்களிலிருந்து கிடைத்ததுதான்.

காலிப் வீரரல்லர். இறைநேசரும் அல்லர். குறைகள் பல உடைய மனிதர். அக்குறைகளையும் சேர்த்து நோக்கும்போதே அவர் வாழ்வு எமக்குப் பாடமாகிறது.

அவருடைய இயற்பெயர் மிர்ஸா அஸதுல்லாஹ் பைக் கான். 1797 டிசம்பர் 27ஆந் திகதி ஆக்ராவில் பிறந்தார். அவரது முன்னோர் மத்திய ஆசியாவிலிருந்து வந்து வாளேந்திப் பிழைத்த துருக்கியர். தந்தை அப்துல்லாஹ் பைக் கான் அல்வார் அரசரின் படையில் சேவை செய்தபோது போரில் உயிரிழந்தார். காலிபுக்கு அப்போது ஐந்து வயதளவில் இருக்கும். அதன்பின் அவரைப் பொறுப்பேற்று வளர்த்த சிறிய தந்தை நஸ்ருல்லாஹ் பைக் கானும் 1806இல் வபாத்தானார். ஒன்பது வயது நிறையுமுன் இருமுறை தந்தையை இழந்த அநாதைச் சிறுவனுக்கு எஞ்சியது, சிறிய தந்தை ஆங்கிலேயத் தளபதி லேக்கின் கீழ் பணிபுரிந்தமைக்காகக் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட பென்சனில் ஒரு பங்கு மாத்திரமே. அது ஆண்டுக்கு 750 ரூபாய்.

1810இல், ஹிஜ்ரிக் கணக்கின்படி பதின்மூன்றாவது வயதில், லோஹாரு நவாப் குடும்பத்தைச் சேர்ந்த உம்ராவ் பேகத்தை அவர் மணந்தார். மணமகளும் சிறுமிதான். அடுத்த சில ஆண்டுகளில் காலிப் டில்லியிலேயே குடியேறிவிட்டார்.

அவர் வந்து சேர்ந்த டில்லி எப்படி இருந்தது?

ஷாஜஹான் 1639இல் கட்டத் தொடங்கி 1648இல் குடிபுகுந்த நகரம் அது. யமுனைக் கரையில் செங்கோட்டை. கோட்டை வாயிலிலிருந்து நேராக நீளும் சாந்தினி சௌக். அதன் நடுவே ஓடிய கால்வாய். சற்றுத் தெற்கே, உயரமான படிக்கட்டுகளின் மேல் ஜாமா மஸ்ஜித் எனும் பெரிய ஜும்ஆப் பள்ளிவாசல். வெளித்தோற்றத்தில் இவை யாவும் அப்படியே இருந்தன. உள்ளேதான் ஒன்றும் இல்லை. 1739இல் நாதிர் ஷா நகரைக் கொள்ளையிட்டு மயிலாசனத்தையும் எடுத்துச் சென்றிருந்தான். 1788இல் இரண்டாம் ஷா ஆலம் தமது அரண்மனையிலேயே கண்கள் பறிக்கப்பட்டுக் குருடாக்கப்பட்டார். 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை டில்லியைக் கைப்பற்றியபோது அந்தப் பார்வையற்ற முதியவர் அதன் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டார். அன்று முதல் இந்துஸ்தானத்தின் சக்கரவர்த்தி, கம்பெனி மாதந்தோறும் அளக்கும் பணத்தில் வாழ்ந்த ஒரு பென்சன்காரர். 1835 வரை கம்பெனியின் நாணயங்களில் மொகலாயரின் பெயர் பொறிக்கப்பட்டு வந்தது. பின்னர் அதுவும் நின்றது.

கோட்டைக்குள் அரச வம்சத்தினர் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக் குடியிருந்தனர். தைமூரின் வழித்தோன்றல்கள் என்ற பெருமையைத் தவிர அவர்களில் பலருக்கு வேறு சொத்து இல்லை. பேரரசரின் ஆணை கோட்டை மதிலைத் தாண்டிச் செல்லாத காலம் அது.

அதிகாரம் போன பின்பும் அந்த நகரத்தை விட்டு அறிவு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஷா வலியுல்லாஹ்வின் மைந்தர் ஷா அப்துல் காதிர் குர்ஆனை உர்துவில் மொழிபெயர்த்த ஊர் அது. அவரது மூத்த சகோதரர் ஷா அப்துல் அஸீஸ் 1824 வரை அங்கேதான் ஹதீஸ் கற்பித்தார். டில்லிக் கல்லூரியில் கிழக்கின் கல்வியோடு மேற்கின் விஞ்ஞானமும் உர்து மொழியில் கற்பிக்கப்பட்டது. அச்சகங்கள் வந்தன, பத்திரிகைகள் வந்தன. யூனானி வைத்தியர்கள் பெயர் பெற்றிருந்தனர். முஷாஇரா எனும் கவியரங்குகள் விடியும்வரை நடந்தன. எண்ணெய் தீர்ந்துபோன விளக்கின் திரி கடைசியாக ஒருமுறை சுடர்விட்டு எரிவதைப் போன்றது அக்காலம்.

இந்நகரத்தில்தான் காலிப் தமது இளமையைக் கழித்தார். சொந்த வீடு ஒருபோதும் அவருக்கு அமையவில்லை. வாழ்நாள் முழுவதும் வாடகை வீடுகளிலேயே இருந்தார். புத்தகங்களைக்கூட இரவல் வாங்கியே படித்தார். கடன் அவரை விட்டு நீங்கியதே இல்லை. மது அருந்தும் பழக்கம் இருந்தது. அதை அவர் மறைத்ததுமில்லை, நியாயப்படுத்தியதுமில்லை. வீட்டில் சூதாட்டம் நடத்திய குற்றத்துக்காக 1847இல் சிறைக்கும் சென்றார். உம்ராவ் பேகமோ தொழுகையிலும் நோன்பிலும் பேணுதலானவர். கணவரின் பழக்கம் காரணமாக உண்ணும் பருகும் பாத்திரங்களைத் தனியே வைத்துக்கொண்டார் என்பர். ஆனாலும் இருவரும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தனர். அவர்களுக்கு ஏழு குழந்தைகள் பிறந்தன. ஏழும் மழலைப் பருவத்தைத் தாண்டவில்லை. பேகத்தின் சகோதரி மகன் ஆரிபைத் தம் பிள்ளையாகக் கருதி அன்பு செலுத்தினர். கவிஞராக வளர்ந்துவந்த அந்த இளைஞரும் 1852இல் மரணமானார். அவருடைய இரு சிறு மைந்தரையும் இந்த முதிய தம்பதியினர் வளர்த்தெடுத்தனர். உம்ராவ் பேகத்தின் பொறுமையைப் பற்றி எவரும் கவிதை எழுதவில்லை. ஆனால் அந்த வீடு வீடாக நின்றது அவராலேயே.

பென்சனில் தமக்குரிய நியாயமான பங்கு கிடைக்கவில்லை என்று காலிப் நம்பினார். முறையிடுவதற்காக 1826இல் புறப்பட்டு, இலக்னோ, பண்டா, காசி வழியாக 1828 பெப்ரவரியில் கல்கத்தாவை அடைந்தார். அங்கே ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தும் பயன் கிட்டவில்லை. 1831இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எனினும் அப்பயணம் அவருக்கு ஒன்றைக் காட்டியது. அதிகாரம் டில்லியை விட்டு எப்போதோ நீங்கி, நீராவிக் கப்பல்களும் ஆங்கிலேய அலுவலகங்களும் நிறைந்த கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பதே அது.

1837இல் பகதூர் ஷா ஸபர் அரியணை ஏறினார். அப்போதே அறுபதைக் கடந்த அவர் மென்மையான மனிதர், தாமும் கவிஞர். 1850இல் அவர் காலிபுக்குப் பட்டங்கள் வழங்கி, தைமூர் வம்ச வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதும் பணியை மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் ஒப்படைத்தார். முடியப்போகும் அரசகுலத்தின் வரலாறு அதன் தொடக்கத்திலிருந்து எழுதப்படலாயிற்று. 1854இல் அரசவைக் கவிஞர் ஸௌக் மறைந்ததும், பேரரசரின் கவிதைகளைத் திருத்திக் கொடுக்கும் ஆசான் பதவியும் காலிபிடம் வந்தது. அவர் நீண்ட காலம் ஆசைப்பட்ட பதவி அது. ஆனால் ஸபருக்குப் பின் அரச பட்டமும் செங்கோட்டையும் அவர் பிள்ளைகளுக்கு இல்லை என்று 1856இல் கம்பெனி முடிவு செய்துவிட்டது. ஆசானாகிய மூன்றாம் ஆண்டிலேயே எல்லாம் முடிந்தது.

1857 மே 11ஆந் திகதி. ரமழான் மாதத்தின் நடுப்பகுதி. மீரட்டில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் யமுனையின் பாலத்தைக் கடந்து டில்லிக்குள் நுழைந்தனர். எண்பத்தொரு வயதான ஸபரைத் தமது தலைவராக அறிவித்தனர். நகரிலிருந்த ஆங்கிலேயர்களும், அவர்தம் பெண்கள் பிள்ளைகளும்கூடக் கொல்லப்பட்டனர். நான்கு மாதங்களின் பின் செப்டெம்பர் 14ஆந் திகதி ஆங்கிலேயப் படை மதிலை உடைத்து உட்புகுந்தது. ஒரு வாரத்தில் நகரம் வீழ்ந்தது. ஹுமாயூன் கல்லறையில் அடைக்கலம் புகுந்திருந்த ஸபர் சரணடைந்தார். மறுநாள் அவருடைய இரண்டு மைந்தரும் ஒரு பேரரும் வழியில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் நகரில் நடந்தது பழிவாங்கல். குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. மக்கள் மதிலுக்கு வெளியே விரட்டப்பட்டனர். வீடுகள் தோண்டித் துருவிக் கொள்ளையிடப்பட்டன.

காலிப் அப்போது பல்லிமாறான் பகுதியில் ஒரு சந்தில் வசித்தார். அந்தச் சந்தில் ஹகீம் மஹ்மூத் கான் எனும் புகழ்பெற்ற வைத்தியரின் குடும்பமும் இருந்தது. அவர்கள் பட்டியாலா மகாராஜாவுக்கு வைத்தியம் செய்தவர்கள். மகாராஜாவோ ஆங்கிலேயரின் பக்கம் நின்றவர். வைத்தியரின் வீட்டைக் காப்பதற்காக அவர் தம் படைவீரர்களைச் சந்தின் முகப்பில் நிறுத்தினார். அந்தக் காவலின் நிழலில் காலிபின் வீடும் தப்பியது. உயிர் தப்பியதே தவிர, வாழ்க்கை தப்பவில்லை. சந்தின் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. வெளியே செல்ல முடியாது, உணவு வராது, தண்ணீரும் தீர்ந்துவிட்டது. ஒருநாள் மழை பெய்தபோது முற்றத்தில் துணியை விரித்துக் கட்டி, அதன் கீழ் பாத்திரம் வைத்துக் குடிநீர் சேர்த்தார்கள். பாதுகாப்புக்காக உம்ராவ் பேகம் வேறோர் இடத்துக்கு அனுப்பி வைத்திருந்த நகைகள் கொள்ளை போயின. பின்னர் வீட்டிலிருந்த உடுதுணியையும் படுக்கைவிரிப்பையும் ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டனர்.

காலிபுக்கு யூஸுப் என்றொரு தம்பி இருந்தார். இளமையிலேயே மனநோய்க்கு ஆளானவர். சற்றுத் தொலைவில் வேறொரு வீட்டில், ஒரு முதிய காவலாளியும் ஒரு வயோதிபப் பணிப்பெண்ணும் துணையிருக்க வாழ்ந்துவந்தார். அண்ணனால் தம்பியைச் சென்று பார்க்க முடியவில்லை. அவருடைய வீடு கொள்ளையிடப்பட்ட செய்தி மட்டும் வந்தது. ஒக்டோபர் மாதத்தில் ஒரு காலைப்பொழுது, யூஸுப் இறந்துவிட்டார் என்ற தகவல் எட்டியது. காய்ச்சலால் இறந்தார் என்று காலிப் எழுதி வைத்தார். சிப்பாயின் துப்பாக்கிக்கு இரையானார் என்று சொல்வோரும் உண்டு.

ஜனாஸாவைக் குளிப்பாட்ட ஆளில்லை. கப்று வெட்ட ஆளில்லை. கபன் துணி வாங்கக் கடையில்லை. மையவாடிக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. அயலவர்கள் இரக்கப்பட்டு முன்வந்தனர். ஒரு பட்டியாலா வீரர் முன்னே நடக்க, காலிபின் வேலைக்காரர் இருவர் உடன் சென்றனர். காலிபின் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற இரண்டு மூன்று வெள்ளை விரிப்புகளே கபனாயின. அருகிலிருந்த பள்ளிவாசல் ஒன்றின் முற்றத்தில் குழி வெட்டி அடக்கம் செய்தனர். பேரரசரின் ஆசானாக இருந்தவரின் சொந்தத் தம்பிக்கு அந்தத் தலைநகரில் கிடைத்த இறுதி மரியாதை அவ்வளவே.

இந்நாட்களில் காலிப் 'தஸ்தம்பு' எனும் நாட்குறிப்பைப் பாரசீகத்தில் எழுதினார். 1858இல் அது அச்சேறியது. அரபுச் சொற்களைத் தவிர்த்த மிகக் கடினமான நடை. ஆங்கிலேயர் படிக்க வேண்டும், தமது விசுவாசத்தை நம்ப வேண்டும், நிறுத்தப்பட்ட பென்சன் மீள வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தது. ஆகவே அதில் கிளர்ச்சிக்காரரைக் கடிந்தார், ஆள்பவரைப் புகழ்ந்தார், சொல்ல வேண்டிய பலவற்றைச் சொல்லாமல் விட்டார். ஸபரின் பெயரில் நாணயத்துக்குக் கவிதை எழுதினார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது இருந்தது. அது தம்முடையதல்ல என்று நிரூபிப்பதற்குப் பழைய பத்திரிகைகளைத் தேடி அலைந்தார். கடனாளியாக, பட்டினியோடு, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அஞ்சியிருந்த அறுபது வயது மனிதரை இதற்காகக் கடிந்து கூறுவது எமக்கு எளிது. அவர் இடத்தில் நின்று பார்ப்பது கடினம்.

ஆனால் அதே கை, அதே காலத்தில் வேறொன்றையும் எழுதிக்கொண்டிருந்தது. தபால் சேவை மீண்டும் தொடங்கியதும் காலிப் நண்பர்களுக்கு உர்துவில் கடிதம் எழுதினார். மீரட் பக்கம் இருந்த முன்ஷி ஹர்கோபால் தப்தா, பானிபத்துக்குச் சென்றுவிட்ட மீர் மஹ்தி மஜ்ரூஹ் போன்ற மாணவர்களே அவற்றைப் பெற்றவர்கள். தப்தா ஓர் இந்து. ஆசானின் உயிருக்குயிரான மாணவர். நீண்ட பட்டங்களும் அலங்கார வாழ்த்துகளும் கொண்டு கடிதம் தொடங்குவதே அன்றைய வழக்கம். காலிப் அவற்றை விட்டொழித்தார். எதிரே அமர்ந்து பேசுவது போல எழுதினார். வெயில், மழை, வீட்டு வாடகை, கூரையின் ஒழுக்கு, கிணற்று நீரின் உவர்ப்பு என எல்லாம் அவற்றில் வந்தன. டில்லியும் வந்தது.

டில்லியின் நிலை என்னவென்று வெளியூரில் சிதறிக் கிடந்த நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காலிப் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். செங்கோட்டைக்கும் ஜாமா மஸ்ஜிதுக்கும் இடைப்பட்ட குடியிருப்புகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டதை எழுதினார். ஒவ்வொன்றும் ஒரு சிற்றூரைப் போல இருந்த உர்து பஸார், காஸ் பஸார், கானம் பஸார் ஆகியன இருந்த இடம் தெரியாமல் போனதை எழுதினார். கோட்டைக்குள் மாளிகைகள் பல இடிக்கப்பட்டுப் படைவீரர் குடியிருப்புகள் எழுந்தன. அக்பராபாதி பள்ளிவாசல் அடியோடு அகற்றப்பட்டது. பதேபூரிப் பள்ளிவாசல் ஒரு வணிகருக்கு விற்கப்பட்டது. ஜாமா மஸ்ஜித் படைவீரரின் பாசறையாயிற்று. இந்துக்கள் 1858இன் தொடக்கத்தில் நகருக்குத் திரும்ப விடப்பட்டனர். முஸ்லிம்களோ அதன் பின்னரும் நீண்ட காலம் அனுமதிச் சீட்டின்றித் தம் சொந்த வீதியில் நடமாட இயலவில்லை.

கட்டடங்களைவிட மனிதர்களின் இழப்பே அவரை வாட்டியது. அறிஞர் இமாம் பக்ஷ் ஸஹ்பாயி சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரிகையாசிரியர் மௌலவி முஹம்மத் பாகிருக்கு மரண தண்டனை. காலிபின் நெருங்கிய தோழரும் பெரும் ஆலிமுமான பஸ்லுல் ஹக் கைராபாதி அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டு 1861இல் அங்கேயே வபாத்தானார். காலிபின் கவிதைகளைச் சேர்த்து வைத்திருந்த நண்பர்களின் நூலகங்கள் கொள்ளை போயின. கிளர்ச்சியில் மாண்ட ஆங்கிலேய நண்பர்களுக்காகவும் அவர் கண்ணீர் விட்டார். தாம் இறந்தால் அழுவதற்கு ஒருவரேனும் எஞ்சுவார்களா என்பதே அவர் கவலை.

ராம்பூர் நவாப் 1859 முதல் மாதம் 100 ரூபாய் அனுப்பி உதவினார். 1860இல் ஆங்கிலேயப் பென்சனும் மீண்டது. விசாரணையின் பின் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்ட ஸபர், 1862 நவம்பர் 7ஆந் திகதி வெள்ளிக்கிழமை அங்கே வபாத்தானார். அதே ஆண்டில் ஜாமா மஸ்ஜித் முஸ்லிம்களிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதன் படிக்கட்டுகளில் கபாப் விற்பவர்கள் மீண்டும் கடை விரித்தார்கள். இவ்விரு செய்திகளையும் காலிப் மஜ்ரூஹுக்கு எழுதினார். கடைசிச் சக்கரவர்த்தியின் மரணமும் கபாப் கடையின் திறப்பும் அருகருகே நின்றன. நகரத்தின் வாழ்க்கை அப்படித்தான் நகர்கிறது.

இறுதி ஆண்டுகளில் காது கேளாமலும் நடமாட முடியாமலும் படுக்கையில் கிடந்தபோதும் அவர் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுத இயலாதபோது சொல்லி எழுதுவித்தார். 1869 பெப்ரவரி 15ஆந் திகதி வபாத்தானார். நிஸாமுத்தீன் அவ்லியாவின் தர்காவுக்கு அருகே, மனைவியின் குடும்ப மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். ஓராண்டு கழித்து உம்ராவ் பேகமும் இறையடி சேர்ந்தார்.

அவருடைய கடிதங்கள் 'ஊதே ஹிந்தி' என்ற பெயரில் 1868இலும், அவர் வபாத்தாகிச் சில வாரங்களில் 'உர்துயே முஅல்லா' என்ற பெயரிலும் நூலுருப் பெற்றன. கடிதங்களை அச்சிடும் யோசனையை அவர் முதலில் விரும்பவில்லை. அவசரத்தில் எழுதியவை தமது புகழைக் குறைத்துவிடும் என்று எண்ணினார். நடந்ததோ வேறு. ஆள்பவரின் தயவை நாடிப் பெருமுயற்சியோடு எழுதிய 'தஸ்தம்பு' நூலை இன்று ஆய்வாளர் சிலரே தேடிப் படிக்கின்றனர். நண்பனின் ஏக்கத்தைத் தீர்ப்பதற்காக எழுதிய கடிதங்களோ உர்து உரைநடைக்கே வழிகாட்டியாகி, இன்றும் பாடசாலைகளில் படிக்கப்படுகின்றன. பயத்தில் எழுதியது மங்கியது. அன்பில் எழுதியது நிலைத்தது.

எழுத விரும்பும் மாணவியர் காலிபிடமிருந்து கற்க வேண்டியது இதுவே. பேரரசர்களின் வரலாற்றை எழுதப் பலர் இருப்பார்கள். எந்தக் கிணறு உவர்த்தது, எந்தக் கடைத்தெரு மறைந்தது, யாருடைய ஜனாஸாவுக்கு எந்த விரிப்பு கபனாயிற்று என்பதை, அங்கே வாழ்ந்து நேசித்த ஒருவர் எழுதினால்தான் உண்டு. எமது வீட்டிலும் ஊரிலும் மூத்தவர்கள் சொல்லிவரும் இத்தகைய சிறு செய்திகள் எத்தனையோ இருக்கின்றன. சொல்பவர் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதி வைப்போம்.